ஹாஸ்டல் அறையில் ஒரு மாத்திரை டப்பா

கேள்வி:

மேடம், நான் மதுரைப் பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். விடுதி அறையில் ஒரு பழைய டிபன் டப்பாவில் மாத்திரைகள் சேர்த்து வைத்திருக்கிறேன். பாராசிட்டமால், சிட்ரிசின், பான்டபிரசோல், மெஃபனமிக் அமிலம், டைக்ளோபெனாக், அப்புறம் மீந்துபோன அசித்ரோமைசின் ஒன்று. யாருக்குத் தலைவலி, காய்ச்சல், வயிற்றுவலி என்றாலும் என் அறைக்குத்தான் வருவார்கள். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் என்னை 'மெடிக்கல் அக்கா' என்றே கூப்பிடுகிறார்கள். சிக் ரூமுக்குப் போனால் வார்டன் உடனே வீட்டுக்கு போன் போட்டுவிடுகிறார். ஓ.பி. வரிசையில் நின்றால் அரை நாள் போய்விடும், 80 சதவீத அட்டெண்டன்ஸ் இடிக்கும். போன மாதம் எனக்குத் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்தன. அசித்ரோமைசின் 500 மூன்று மாத்திரை வாங்கி இரண்டு போட்டேன். சரியாகிவிட்டது, நிறுத்திவிட்டேன். அதே வாரம் வகுப்பில் ஆன்டிபயாடிக் எதிர்ப்பு பற்றி செமினார் எடுத்தது நான்தான். மேடையில் நின்று பேசும்போதே கூசியது. நாங்கள் மருந்து படித்தவர்கள்தானே மேடம், எங்களுக்கு நாங்களே மருந்து எடுத்துக்கொள்வது தவறா? எதுவரைக்கும் எடுத்துக்கொள்ளலாம்? இப்போது எனக்கு வேறு தொந்தரவு எதுவும் இல்லை, ராத்திரியில் கொஞ்சம் இருமல் மட்டும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மேடையில் நின்றபோது கூசியது என்று எழுதியிருக்கிறீர்கள். 22 வருடமாக மருந்தியல் நடத்துகிறேன். எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி என்று எந்த வகுப்பை எடுத்தாலும், இப்படி ஒரு டப்பா இல்லாத விடுதி அறையை நான் அதிகம் பார்த்ததில்லை. அதைப் பற்றி யோசித்து யாரிடமாவது கேட்டவர்கள் குறைவு. நீங்கள் கேட்டதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

நேர்ப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். தனக்குத் தானே மருந்து எடுத்துக்கொள்வது மொத்தமாகவே தவறு என்று நான் சொல்ல மாட்டேன். தலைவலிக்கு ஒரு பாராசிட்டமால் போட ஓ.பி. சீட்டு தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் 2000 ஆம் ஆண்டில் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. பொறுப்பான சுயமருத்துவம் என்று சொல்லும்போது அவர்கள் மனதில் வைத்திருப்பது, சீட்டு இல்லாமல் வாங்க அனுமதி உள்ள மருந்துகளை, தானே அடையாளம் காணக்கூடிய சின்னத் தொந்தரவுகளுக்கு, சொன்ன அளவில், சொன்ன நாட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்வது. இப்போது உங்கள் டப்பாவைத் திறந்து ஒவ்வொரு அட்டையாகத் திருப்பிப் பாருங்கள். அட்டையின் பின்பக்கம் நெடுக ஒரு சிவப்புக் கோடு ஓடுகிறதா? டாக்டர் சீட்டு இல்லாமல் எடுக்கக் கூடாத மருந்து அது என்பதை மக்களுக்குப் புரியவைக்க, மத்திய சுகாதார அமைச்சகம் 2016-இல் அந்தக் கோட்டைப் பற்றித் தனியாகப் பிரச்சாரமே செய்தது. அசித்ரோமைசின், டைக்ளோபெனாக், மெஃபனமிக் அமிலம் எல்லாம் 'அட்டவணை எச்' மருந்துகள், அதாவது டாக்டர் சீட்டுக்கு மட்டும் விற்க வேண்டியவை. கடைக்காரர் கேட்காமல் கொடுத்துவிடுகிறார் என்பதால் அந்தக் கோடு அழிந்துவிடாது.

ஆனால் சட்டத்தை விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு ஒன்று. முதலாம் ஆண்டில் மருந்து கொடுப்பதற்கான ஐந்து 'சரி'களைச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். இந்த ஐந்தும் வார்டில் வேலை செய்கிறது என்றால், உங்கள் கைக்கு வருவதற்கு முன்னாலேயே ஒருவர் நோயாளியைத் தொட்டுப் பார்த்து, இது என்ன நோய் என்று முடிவு செய்து, கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். விடுதி அறையில் அந்த வேலையை யாரும் செய்யவில்லை. மருந்தின் பெயரும் அளவும் பக்க விளைவும் உங்களுக்குத் தெரிந்திருப்பதால், அந்த இடம் காலியாக இருப்பது கண்ணில் படுவதில்லை. பொதுஜனத்தை விட நம் மாணவர்கள் துணிந்து மருந்து எடுத்துக்கொள்வதற்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பாராசிட்டமாலைப் பற்றி ஒரு பக்கம் எழுதத் தெரிந்தவருக்கு, தன் காய்ச்சல் என்ன காய்ச்சல் என்று தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. தன் முதுகைத் தானே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்க யாராலும் முடியாது.

உங்கள் தொண்டை வலியையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கு வரும் தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸால் வருபவை. எந்த மருந்தும் போடாமலே ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும், மூன்றாம் நாளிலிருந்தே குறையத் தொடங்கும். நீங்கள் இரண்டு மாத்திரை போட்டு முடித்ததும் அநேகமாக அதே மூன்றாம் நாள் வாக்கில்தான் இருக்கும். மாத்திரையால் குணமானதா, தானாகவே குணமானதா என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. ஆனால் உங்கள் மனது "அசித்ரோ கேட்டது" என்று எழுதிவைத்துக்கொண்டுவிட்டது. அடுத்த தடவை தொண்டை கரகரத்தால் கை தானாக அங்கேதான் போகும்.

அதே தொண்டையோடு ஒரு டாக்டரிடம் போயிருந்தால் என்ன பார்த்திருப்பார்? காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா, டான்சில் மேல் வெள்ளையாகச் சீழ் படிந்திருக்கிறதா, கழுத்தின் முன்பக்கம் நெறி கட்டித் தொட்டால் வலிக்கிறதா. காய்ச்சலும் சீழும் நெறியும் இருந்து இருமல் இல்லாவிட்டால்தான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியைச் சந்தேகிப்போம். இருமலோடு வரும் தொண்டை வலி பெரும்பாலும் வைரஸ் பக்கம்தான். ஸ்ட்ரெப்டோகாக்கஸாகவே இருந்தாலும் முதல் தேர்வு பெனிசிலின் குடும்பம், அதுவும் 10 நாள். ஒவ்வாமை இருந்தால்தான் அசித்ரோமைசினை நினைப்போம். நீங்கள் போட்ட 2 மாத்திரை எந்தக் கணக்கிலும் வரவில்லை.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது, செமினாரில் சொன்னீர்களா தெரியவில்லை. அசித்ரோமைசினின் அரை ஆயுள், அதாவது உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம், சுமார் 68 மணி நேரம். நீங்கள் நிறுத்திய பிறகும் பல நாட்களுக்கு அது உடம்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே இருக்கும். கிருமியைக் கொல்லப் போதாத, ஆனால் கிருமியைப் பழக்கப்படுத்தப் போதுமான அளவு. தொண்டையிலும் குடலிலும் இருக்கும் சாதாரணக் கிருமிகள்கூட அந்த நாட்களில் எதிர்ப்பைக் கற்றுக்கொள்கின்றன. அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945 டிசம்பரில் நோபல் உரையில் இதைத்தான் சொன்னார். கற்பனையாக ஒரு மனிதர். தொண்டை வலிக்குப் பெனிசிலின் வாங்கித் தானே போட்டுக்கொள்கிறார், போதிய அளவு போடவில்லை. எதிர்ப்பு கற்ற கிருமி அவரிடமிருந்து மனைவிக்குப் போய் நிமோனியாவாகிறது. பெனிசிலின் கேட்காமல் அவள் இறந்துபோகிறாள். பெனிசிலின் சாதாரண மக்கள் கைக்கு வரத் தொடங்கிய அந்தக் காலத்திலேயே, அவர் உதாரணத்துக்கு எடுத்தது இதே தொண்டை வலியை. வகுப்பில் இந்த உரையைப் படித்துக் காட்டும் ஒவ்வொரு வருடமும் எனக்கு மனது கனத்துப்போகும். ஏனென்றால் அந்த மனிதர் செய்ததை நானும் செய்திருக்கிறேன்.

1999-இல் நான் ஹவுஸ் சர்ஜன். மெடிசின் வார்டில் போஸ்டிங். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல், இருமல், சாப்பாடு இறங்கவில்லை. தூக்கமில்லை, வேலை அதிகம், அதனால்தான் என்று நினைத்தேன். வார்டில் கிடைத்த ஆஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கை 5 நாள் போட்டேன். நன்றாகக் கேட்டது. காய்ச்சல் விட்டது, பசி எடுத்தது. இரண்டு வாரத்தில் திரும்ப வந்தது. திரும்பவும் அதே மருந்து. மூன்றாம் தடவை வந்தபோது எடை 4 கிலோ குறைந்திருந்தது. ரவுண்ட்ஸில் நான் இருமுவதைக் கேட்ட எங்கள் யூனிட் சீஃப் என்னை நிறுத்தி, "எத்தனை நாளா இருமுறம்மா?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஏழு வாரம். அன்றே எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வலது நுரையீரலின் மேல்பகுதியில் காசநோய்.

ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் குடும்ப மருந்துகளுக்குக் காசநோய்க் கிருமியை ஓரளவு அடக்கும் சக்தி உண்டு. அதனால் சில நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும். நோய் முகத்தை மூடிக்கொள்ளும், கண்டுபிடிப்பது தள்ளிப்போகும். அந்த ஏழு வாரமும் நான் வார்டில் நோயாளிகளுக்கு நடுவே இருமிக்கொண்டிருந்தேன். ராத்திரி ஒரே அறையில் மூன்று பேர். என் அறைத்தோழிகள் இருவருக்கும் எக்ஸ்ரே எடுத்தபோது நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தை மறக்க முடியவில்லை. அவர்களுக்கு ஒன்றும் இல்லை. எனக்கு ஆறு மாத சிகிச்சையில் குணமாயிற்று. மருந்தியலில் நல்ல மார்க் வாங்கியவள் நான். ஆஃப்ளாக்சசினைப் பற்றி எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது, இருமலைப் பற்றித்தான் நான் கேட்கவே இல்லை.

சரி, எதுவரைக்கும் எடுத்துக்கொள்ளலாம் என்று கேட்டீர்கள்.

தலைவலி, உடம்புவலி, ஒருநாள் காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் எடுக்கலாம். 650 மாத்திரை என்றால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 6 மணி நேரம் இடைவெளி, நாளைக்கு 4-க்கு மேல் வேண்டாம். ஒரு நாள் உச்ச அளவு 4 கிராம் என்று புத்தகத்தில் படித்திருப்பீர்கள். அது எல்லை, இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். விடுதியில் நான் அடிக்கடி பார்ப்பது வேறு தவறு. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போட்டுவிட்டு, மூக்கடைப்புக்குத் தனியாக ஒரு சளி மாத்திரை போடுவார்கள். அந்தச் சளி மாத்திரைக்குள்ளேயும் 500 மில்லிகிராம் பாராசிட்டமால் இருக்கும். இரண்டு பெயர், ஒரே மருந்து. மெஸ் சாப்பாடு பிடிக்காமல் இரண்டு நாள் பட்டினியாகக் கிடக்கும் பெண்ணின் கல்லீரலுக்கு இது வீண் சுமை. அட்டையில் பெரிதாக அச்சடித்த பெயரை விட்டுவிட்டு, கீழே பொடி எழுத்தில் இருக்கும் சேர்மானத்தைப் படியுங்கள்.

காய்ச்சலுக்கு டைக்ளோபெனாக், ஐப்யூபுரோஃபென், மெஃபனமிக் அமிலம் என்ற வலி மாத்திரைகள் மூன்றும் வேண்டவே வேண்டாம். நம் ஊரில் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மழைக்காலம், டெங்கு காலம். டெங்குவில் தட்டணுக்கள் குறையும்போது இந்த மருந்துகள் இரத்தக் கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காய்ச்சல் விட்டதும் "சரியாயிற்று" என்று டியூட்டிக்குக் கிளம்பும் பிள்ளைகளை நினைத்தால்தான் எனக்குப் பயம். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான் தொடங்குகிறது. அப்போது வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், எழுந்தால் தலை சுற்றல், இதில் எது இருந்தாலும் நேராக அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

மாதவிடாய் வலிக்கு மெஃபனமிக் அமிலம் போடாத மகளிர் விடுதி இல்லை. ஒரு தடவை டாக்டர் பார்த்து, இது சாதாரண மாதவிடாய் வலிதான், இந்த மாத்திரையை இப்படிப் போடு என்று சொல்லியிருந்தால், அதற்கப்புறம் ஒவ்வொரு மாதமும் அதே வலிக்கு அதே மாத்திரையை நீங்களாகவே எடுக்கலாம். சாப்பிட்டுவிட்டு, இரண்டு மூன்று நாள் மட்டும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடக் கூடாது. இந்திய மருந்தியல் நூல் ஆணையம் 2023 நவம்பரில் இந்த மருந்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. அபூர்வமாகச் சிலருக்குச் சில வாரங்கள் கழித்துத் தோலில் தடிப்பு, காய்ச்சல், நெறிகட்டு என்று கடுமையான ஒவ்வாமை வரலாம் என்பது அதன் சாரம். பயப்படத் தேவையில்லை, தெரிந்து வைத்திருக்க வேண்டும். மாதாமாதம் மூன்று நாள் எழுந்திருக்க முடியாத அளவுக்கு வலி வருகிறது என்றாலோ, வருடத்துக்கு வருடம் வலி கூடுகிறது என்றாலோ, மாத்திரையைக் கூட்டாமல் மகப்பேறு டாக்டரைப் பாருங்கள். "எல்லாருக்கும் வர்றதுதானே" என்று வீட்டில் சொல்வார்கள். அந்தச் சமாதானத்தை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். முதல் மருந்து. பெரிய பொட்டலம் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். டம்ளரில் கொஞ்சம் கொட்டிக் கலக்குவது தவறு, உப்பின் அளவு மாறிவிடும். ரத்தம் போனாலோ காய்ச்சல் கூடவே இருந்தாலோ லோபராமைடு போட்டு நிறுத்தப் பார்க்காதீர்கள். நெஞ்செரிச்சலுக்கு பான்டபிரசோல் சில நாள் எடுக்கலாம், காலையில் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். இரண்டு வாரத்துக்கு மேல் தேவைப்பட்டால் அது டாக்டர் பார்க்க வேண்டிய வயிறு. வாந்தியை அடக்கும் டொம்பெரிடோன் சேர்ந்த கேப்ஸ்யூல் என்றால் இன்னொரு கவனம் வேண்டும். அதுவும் அசித்ரோமைசினும் இரண்டுமே ஈ.சி.ஜி.யில் தெரியும் க்யூ.டி. இடைவெளியை நீட்டக்கூடியவை, அது அதிகம் நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். அசித்ரோ வயிற்றைப் புரட்டுகிறது என்று அந்த கேப்ஸ்யூலை மேலே போடுவது விடுதிகளில் சகஜமாக நடக்கிறது. அலர்ஜிக்குப் போடும் சிட்ரிசின் தூக்கம் வரவைக்கும். நைட் டியூட்டிக்கு முன்னால் போட்டுக்கொண்டு கையில் சிரிஞ்சோடு நிற்க வேண்டாம்.

இவற்றைத் தாண்டியவை உங்கள் எல்லைக்கு வெளியே. ஆன்டிபயாடிக் எதுவாக இருந்தாலும். பரீட்சை நேரத்தில் தூங்குவதற்கு என்றாலும் அல்பிரசோலாம் வேண்டாம். அது 'எச் 1' அட்டவணையில் இருக்கிறது, 2014 மார்ச்சிலிருந்து கடைக்காரர் அதை யாருக்கு, யார் சீட்டில் விற்றார் என்று தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். அவ்வளவு காவல் வைத்திருக்கும் மருந்தை சீனியர் அக்கா கொடுத்தாள் என்று வாங்கிப் போடக் கூடாது. வைவாவுக்கு முன்னால் படபடப்பு குறைய புரோப்ரனலால் போடும் பழக்கமும் பரவுகிறது. ஆஸ்துமா இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. இருந்தால் அந்த ஒரு மாத்திரையே மூச்சை அடைத்துவிடலாம்.

முகத்துக்குப் போடும் க்ரீமை யாரும் மருந்தாகவே நினைப்பதில்லை. பருவுக்கும் நிறத்துக்கும் என்று கடையில் வாங்கும் ட்யூப் பலவற்றில் மொமெடசோன், பீட்டாமெதசோன், க்ளோபெடசால் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு வாரத்தில் முகம் பளபளக்கும். நிறுத்தினால் சிவந்து எரியும், திரும்பப் போடத் தோன்றும். சில மாதத்தில் தோல் மெலிந்து, ரத்த நாளம் தெரிந்து, முடி வளரத் தொடங்கும். படர்தாமரைக்கு இதைத் தடவினால் அரிப்பு மட்டும் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவிக்கொண்டே போகும். 2018-இல் தோலில் போடும் ஸ்டீராய்டுகளையும் அட்டவணை எச்-இல் சேர்த்தார்கள். இருந்தும் என் வகுப்பிலேயே அந்தச் சிவந்த முகங்களை இன்னமும் பார்க்கிறேன். தோல் டாக்டரிடம் அனுப்பினால், க்ரீம் பெயரைச் சொல்லவே வெட்கப்படுகிறார்கள்.

'மெடிக்கல் அக்கா' என்ற பெயர் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எழுத்திலேயே தெரிகிறது. பிடிக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளைகள் முதல் தடவையாக வீட்டை விட்டு வந்திருக்கிறார்கள், உடம்பு சரியில்லை என்றால் அம்மாவுக்குப் பதில் நீங்கள் இருக்கிறீர்கள். அதை விடச் சொல்லவில்லை. மாத்திரையை மட்டும் எடுத்துக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு நீங்கள் எடுப்பது சுயமருத்துவம். இன்னொருத்திக்குக் கொடுத்தால் அது மருத்துவம் பார்ப்பது, அதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. டைக்ளோபெனாக் கேட்டு வருபவளுக்கு ஆஸ்துமா இருக்கலாம், உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். வயிற்றுவலி என்று வருபவளுக்கு நாள் தள்ளிப்போயிருக்கலாம், நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையில் அதைச் சொல்ல மாட்டாள். தெர்மாமீட்டர் வையுங்கள், காய்ச்சலை எழுதிவையுங்கள், ஓ.ஆர்.எஸ். கலக்கிக் கொடுங்கள், தனியாகக் கூப்பிட்டு என்ன என்று கேளுங்கள், துணைக்கு ஓ.பி. வரை கூடப் போங்கள். நீங்கள் படிக்கும் படிப்பே அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பத்துப் பேர் வந்து போகும் அறையில், பூட்டு இல்லாத டப்பாவில், கொத்தாக மாத்திரை இருக்கக் கூடாது. பரீட்சை முடிவு வரும் வாரத்தில் எந்தப் பிள்ளை என்ன மனநிலையில் இருக்கிறாள் என்று நமக்குத் தெரியாது. பாராசிட்டமால்கூட அதிகமானால் கல்லீரலை அழித்துவிடும், முதல் நாள் வெளியில் ஒன்றும் தெரியாமலே. யாராவது அப்படி அதிகமாகப் போட்டுவிட்டாள் என்று தெரிந்தால், அவள் நன்றாக இருப்பது போலத் தெரிந்தாலும் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், முறிமருந்து இருக்கிறது. மனது தாங்காமல் இருப்பவர்களுக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் பேச ஆள் உண்டு. அந்த எண்ணை விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.

வார்டில் ஊசி கையில் குத்திவிட்டால் அதை மறைத்துவைத்துத் தானே ஏதாவது மாத்திரை போட்டுக்கொண்ட பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். திட்டுவார்கள் என்று பயம். சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு உடனே பொறுப்புச் செவிலியரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், 72 மணி நேரத்துக்குப் பிறகு பயன் இல்லை.

வார்டன் வீட்டுக்கு போன் போடுகிறார், அரை நாள் போகிறது, அட்டெண்டன்ஸ் இடிக்கிறது என்றீர்கள். இதைச் சாக்கு என்று நான் ஒதுக்க மாட்டேன். மருத்துவமனைக்குள்ளேயே படிக்கும் பிள்ளைக்கு டாக்டரைப் பார்க்க வழியில்லை என்றால் அது கல்லூரியின் குறை. வகுப்புப் பிரதிநிதியோடு போய் முதல்வரிடம் எழுத்தில் கேளுங்கள். வாரம் மூன்று நாள், வகுப்பு முடிந்த பிறகு மாலை 4 முதல் 5 வரை மாணவர்களுக்கென்று ஓ.பி. அந்தச் சீட்டோடு வந்தால் விடுப்பு. வயது வந்த மாணவியின் உடம்பைப் பற்றி, அவசரம் இல்லாதபோது, அவள் சம்மதம் இல்லாமல் வீட்டுக்குச் சொல்லக் கூடாது என்ற உறுதி. இந்த மூன்றும் கிடைத்தால் விடுதியில் பாதி டப்பாக்கள் தானாகக் காலியாகும் என்று நம்புகிறேன்.

டப்பாவை இன்று ராத்திரியே சுத்தம் செய்துவிடுங்கள். கடையில் நாலு மாத்திரையாகக் கத்தரித்துக் கொடுத்ததில் காலாவதித் தேதி போய்விட்ட துண்டு அட்டைகள் இருக்கும், அவை வேண்டாம். வார்டிலிருந்து வந்தவை இருந்தால் அவை நோயாளிகளுடையவை, இனி ஒன்றுகூட எடுக்காதீர்கள். பாராசிட்டமால் ஓர் அட்டை, சிட்ரிசின் ஓர் அட்டை, ஓ.ஆர்.எஸ். இரண்டு, டாக்டர் உங்களுக்கென்று சொன்னது ஏதாவது இருந்தால் அது, ஒரு தெர்மாமீட்டர். இவ்வளவு போதும். மற்றதையும் அந்த ஒற்றை அசித்ரோமைசினையும் மருத்துவமனை மருந்தகத்தில் கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள், கழிவறையில் போடாதீர்கள். டப்பாவோடு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரையைப் பிரிப்பதற்கு முன்னால் எழுத வேண்டும்: என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, எதனால் என்று நினைக்கிறேன், என்ன போடுகிறேன், எந்த நாளில் குறையாவிட்டால் டாக்டரிடம் போவேன். மூன்றாவது கேள்விக்கு எழுத எதுவும் தோன்றவில்லை என்றால் மாத்திரையை உள்ளே வைத்துவிடுங்கள். மருந்து போட்டபின் தடிப்போ வேறு எதுவோ வந்தால் உங்கள் மருந்தியல் துறையில் சொல்லுங்கள், அல்லது 1800-180-3024 என்ற இலவச எண்ணில் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவியுங்கள். மாணவர்களும் தெரிவிக்கலாம்.

கடைசியாக, உங்கள் கடிதத்தின் கடைசி வரி. ராத்திரியில் கொஞ்சம் இருமல் மட்டும் இருக்கிறது என்று, ஏதோ சேர்த்துச் சொல்வது போல எழுதியிருக்கிறீர்கள். தொண்டை வலி வந்தது போன மாதம். எத்தனை நாளாக இருமுகிறீர்கள் என்று எழுதவில்லை. வைரஸ் சளிக்குப் பிறகு சில வாரம் இருமல் நீடிப்பது சகஜம், அதுவாகத்தான் இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் தினமும் வார்டில் நிற்பவர். இரண்டு வாரத்தைத் தாண்டிய இருமல் என்றால் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது தேசியக் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி, அரசு மருத்துவமனையில் இலவசம். இருமல் சிரப் எதுவும் வாங்காதீர்கள். நாளைக் காலை மாஸ்க் போட்டுக்கொண்டு ஓ.பி.க்குப் போங்கள், முடிந்தால் ஓர் எக்ஸ்ரேயும் எடுத்துக்கொள்ளுங்கள். அசித்ரோமைசின் இரண்டு போட்டதையும் மறைக்காமல் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.